பட்டாளத்தில் இருந்தால் போதுமா?

போன மாதம் எங்கள் பயிற்சிக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கிற இரண்டு பேர் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. வந்தவர்கள் காப்பி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

"பட்டாளத்துலேர்ந்து வர்றவங்க சண்டைக்கு நிக்கறாங்க சார். எங்களை எதுக்கு டெஸ்ட் பண்றீங்கனு கேக்கறாங்க. அவங்க சர்வீஸே போதும்னு இருக்கும்போது நாம ஏன் வம்பு பண்ணணும்? பேசாம கையெழுத்து போட்டுக் குடுத்துடலாமா?"

எனக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்த சிலதைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எங்கள் கூடம் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கும் தனியார் கூடம். செங்கம் சாலையில் ஊரைத் தாண்டி, ஒரு சின்னக் குன்றின் மடியில் இருக்கிறது. துப்பாக்கி உரிமம் வேண்டுகிறவர்கள், அதைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்று எங்களைப் போன்ற ஓர் இடத்தில் சான்று வாங்க வேண்டும். அதோடுதான் வேங்கிக்காலில் இருக்கிற கலெக்டர் அலுவலகத்துக்குப் போக முடியும். போலீஸ் விசாரணை தனி. எங்கள் கையெழுத்து யாருக்கும் துப்பாக்கி கொடுத்துவிடாது. ஆனால் அது இல்லாமல் மனு நகராது.

காட்டுப்பன்றித் தொல்லை தாங்காத விவசாயிகள் வருவார்கள். நகைக்கடைக்காரர்கள் வருவார்கள். நிலம் வாங்கி விற்கிறவர்கள் வருவார்கள். இவர்களெல்லாம் வகுப்பில் உட்கார வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் அது கிடையாது. பட்டாளத்தில் அவர்கள் கழித்த காலமே பயிற்சியாகக் கணக்கு. பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது தருகிற டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டினால் நாங்கள் சான்று எழுதிக் கொடுக்கலாம். எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் பட்டாளத்துக்காரர். பாதிப் பேர் ஊர் திரும்பியதும் வங்கியிலோ பணம் ஏற்றும் வண்டியிலோ காவல் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே டிஸ்சார்ஜ் புக்குகளுக்குக் குறைவே இல்லை.

நான் பட்டாளத்துக்குப் போனவன் இல்லை. ஆள் எடுப்புக்குப் போய், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவன். இந்தக் கூடத்தில் இலக்கு அட்டைகளில் விழுந்த ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டுகிற வேலையில் சேர்ந்தேன். பிறகு துப்பாக்கி துடைத்தேன், பிறகு சுடக் கற்றேன், பிறகு கற்றுக்கொடுத்தேன். இதெல்லாம் ஆனது தனபால் சார் என்னும் ஒருவரால்.

அவர் சுபேதாராக ஓய்வு பெற்றவர். கூடத்தின் தலைமைப் பயிற்சியாளர். ஒல்லி உடம்பு. சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். சுடுதளத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பேசினால் நாம் நின்று, காது கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்குத்தான் குரல் வரும். ஒருமுறை நான் பதறிப்போய் ஒருவரை அதட்டியபோது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சத்தம் போட்டா ஆளு திரும்புவான் முனுசாமி. ஆளு திரும்பினா கையில இருக்கறதும் சேர்ந்து திரும்பும். அத மனசுல வெச்சுக்கோ."

பட்டாளத்துக்காரர்கள் வந்தால் அவர் டிஸ்சார்ஜ் புக்கை மரியாதையோடு வாங்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, மேசைமேல் இருக்கும் ரிவால்வரைக் காட்டுவார். "எடுங்க. காலியானு பார்த்து எனக்கும் காட்டுங்க. திறந்தபடியே கீழ வெச்சுட்டு ரெண்டு அடி பின்னால வாங்க." அவ்வளவுதான். அதைச் செய்து காட்டிய பிறகு ஐந்து தோட்டா சுட வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் பிசகில்லாமல் செய்துவிடுவார்கள். செய்துவிட்டுத்தான் கோபப்படுவார்கள்.

"நீங்களும் பட்டாளம், நானும் பட்டாளம். என்னையே நம்ப மாட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"நானும் பட்டாளம்கிறதாலதான் கேக்கறேன். எனக்கு எவ்ளோ மறந்துபோச்சுனு எனக்கில்ல தெரியும்" என்றார் தனபால் சார்.

சம்பத் என்று ஒருவர் வந்தது இந்தப் பழக்கத்தின் அருமையை எனக்குக் காட்டியது. டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு கறை கிடையாது. வங்கிக் காவல் வேலை தயாராக இருந்தது. ரிவால்வரை எடுக்கச் சொன்னதும் எடுத்தார். எடுத்தபோதே விரல் நேராக விசையில் போய் உட்கார்ந்தது. தனபால் சார் அந்த விரலைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். சம்பத் அதைக் கீழே வைத்துவிட்டு, "சார், மறைக்கறதுல இன்னா இருக்குது? நான் பட்டாளத்துல ரொட்டி சுட்டவன். சேர்ந்த புதுசுல கத்துக்குடுத்ததோட சரி, அப்பால கையில மாவுதான்" என்றார். தனபால் சார் சிரித்துவிட்டார். பல காலைப்பொழுதுகள் அவரை வரவழைத்து முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். சம்பத் நல்ல காவலராகவே வேலை பார்த்தார். துப்பாக்கி தெரியாதவர் பிரச்சினை அப்படித் தீர்ந்துபோகும். எங்களைத் தூக்கமில்லாமல் ஆக்கியவர் நன்றாகத் தெரிந்த ஒருவர்.

அவர் பெயர் ஏழுமலை. அடி அண்ணாமலைக்காரர். காலாட்படையில் ஹவில்தாராக இருந்து வந்தவர். ஊரில் அப்பா விட்டுப்போன நிலம் இருந்தது; அதில் ஒரு கிணறு. கிரிவலப் பாதையை ஒட்டிய நிலத்துக்கு என்ன விலை என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பக்கத்து நிலத்தை வாங்கியவர் வேலியைத் தள்ளித் தள்ளிக் கிணற்று மேடு வரை கொண்டுவந்துவிட்டார். ஏழுமலை வழக்குப் போட்டார். வழக்கு போன வேகத்தில் போய்க்கொண்டிருக்க, அவருடைய வைக்கோல் போர் எரிந்தது. பிறகு ஒருநாள் அவர் மனைவி சரோஜா பால் ஊற்றிவிட்டு வரும்போது பைக்கில் வந்த இருவர் வழிமறித்து, "உன் வூட்டுக்காரன் கேஸை வாபஸ் வாங்கலைனா அடுத்தது வைக்கோலு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழுமலை கைத்துப்பாக்கிக்கு மனு போட்டது அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் அவர் வந்து உட்கார்ந்தபோது இதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் பெயரை மட்டும் சொல்லவில்லை. 'அவன்' என்றுதான் சொன்னார்.

"சட்டைக்குள்ள வெச்சுக்கினு போலாமா சார்?" என்று கேட்டார்.

"மூடித்தான் எடுத்துக்கினு போகணும். நாலு பேருக்குத் தெரியற மாதிரி வெச்சுக்கக் கூடாது" என்ற தனபால் சார், கொஞ்சம் நிறுத்தி, "பௌர்ணமியன்னைக்கு உங்க வாசல்ல அவ்ளோ ஜனம் நடக்கும். அன்னைக்கு எங்க இருக்கும்?" என்றார்.

"பூட்டி வெச்சுடுவேன்."

"அவன் அன்னைக்குத்தான் வந்தான்னா?"

ஏழுமலை பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் போன பிறகு தனபால் சார் மேசைமேல் இருந்த ரிவால்வரை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். "மத்தவங்களுக்குத் தெரியலையேனு கவலைப்படறோம். இவருக்குத் தெரியுதேனு கவலையா இருக்குது" என்றார். ஆனால் கையெழுத்து மறுக்க எங்களிடம் ஒரு காரணமும் இல்லை. அந்த மனிதருக்கு ஆபத்து இருந்தது உண்மை. பயிற்சி இருந்ததும் உண்மை. மறுநாள் காலை சுட்டுக்காட்ட வரச் சொல்லியிருந்தோம்.

அதே காலையில், வகுப்பை முடித்திருந்த இன்னொருவருக்கும் சுடும் முறை. குணசேகரன் என்று நிலம் வாங்கி விற்கிறவர். பருத்த உடம்பு, கலகலப்பான பேச்சு. வகுப்பில் எல்லோருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தவர். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

எங்கள் சுடுதளத்தில் அப்போது இரண்டு இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை. இப்போது நடுவே கட்டியிருக்கிற சுவர் அன்றைக்கு இல்லை. வலப்பக்க மேசையில் குணசேகரன். நான் அவருக்கு வலப்பக்கம், அரை அடி பின்னால் நின்றேன். அவர் காதுகளில் பஞ்சு வைத்துக்கொண்டு இலக்கையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை உள்ளே வந்தார். அவரும் தொப்பி போட்டு, காதுகளில் பஞ்சு வைத்து, இடப்பக்க மேசைக்குப் போனார். அவருக்கு இடது கைப் பழக்கம். அதனால் தனபால் சார் அவருக்கு இடப்பக்கம் நின்றார். போகிற போக்கில் ஏழுமலை ஒரு கணம் நின்று குணசேகரனைப் பார்த்ததை நான் கவனித்தேன். புது ஆளைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தனபால் சார் உத்தரவு கொடுத்ததும் இரண்டு பேரும் தோட்டா போட்டார்கள். ஏழுமலை இரண்டு முறை சுட்டார். இரண்டும் நடுவில். மூன்றாவதற்கு முன் மூச்சை விட்டு ரிவால்வரை மேசைப் பக்கம் தாழ்த்தினார். குணசேகரனுடைய குண்டுகள் அட்டையைச் சுற்றிச் சுற்றி மண்ணில் விழுந்தன. மூன்றாவது முறை அவர் விசையை அழுத்தியபோது 'டிக்' என்று மட்டும் கேட்டது. தோட்டா வெடிக்கவில்லை.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருந்தோம். துப்பாக்கி இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அசையாமல் நிற்க வேண்டும். வாயால் மட்டும் சொல்ல வேண்டும். குணசேகரன், "சார், இது வெடிக்கல..." என்றபடி திரும்பினார். நான் இருந்த பக்கம் திரும்பியிருந்தால் என் கை தயாராக இருந்தது. அவர் இடப்பக்கம் திரும்பினார். துப்பாக்கியும் கூடவே திரும்பியது.

அது ஏழுமலையின் மார்புக்கு நேராகப் போய் நின்றது.

அப்போதுதான் குணசேகரன் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பக்கவாட்டில் பார்த்தேன். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. கை இறங்கவில்லை. விரல் விசையிலேயே இருந்தது. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் பெரிய விஷயமில்லை. மறுபடி அழுத்தினால் அடுத்த தோட்டா சுற்றிக்கொண்டு வந்துவிடும். அவருடையதில் இன்னும் இரண்டு இருந்தன.

"நீயா?" என்றார் குணசேகரன். "நீ எங்கடா இங்க?"

எனக்கு அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. ஏழுமலை சொன்ன 'அவன்' இவர்தான். ஏழுமலையின் கையில் இருந்ததிலும் மூன்று தோட்டாக்கள் இருந்தன. அதைத் தூக்கி நீட்ட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் சற்றுமுன்தான் பார்த்திருந்தேன். நான் பாய்ந்தால் குணசேகரன் பயத்தில் அழுத்திவிடுவார். பாயாவிட்டாலும் அழுத்தலாம்.

தனபால் சார் பேசினார். வழக்கமான அதே குரல்; காதில் பஞ்சு இருந்தும் அந்த அமைதியில் கேட்டது. இன்னும் கொஞ்சம் கம்மி என்றுகூடச் சொல்லலாம்.

"ஏழுமலை, நீங்க அவரைப் பார்க்காதீங்க. மேசையைப் பாருங்க. திறங்க."

ஏழுமலை அசையவில்லை. எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. பிறகு அவர் கண் மேசைக்கு இறங்கியது. தன் மார்புக்கு நேரே ஒரு துப்பாக்கி நீண்டிருக்க, அவர் தன்னுடையதைத் திறந்தார். தோட்டாக்களை மேசைமேல் கொட்டினார். அவை உருண்டு நின்றன. திறந்தபடியே அதைக் கீழே வைத்து, இரண்டு அடி பின்னால் வந்து, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"குணசேகரன் சார்," என்றார் தனபால் சார், "அவர் கையில ஒண்ணும் இல்ல. பாத்துக்குங்க. இப்போ முனுசாமி உங்க கையைத் தொடுவாரு. அவ்ளோதான்."

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே அழுத்தினேன். கை இரும்பாக இருந்தது. துப்பாக்கி முனை தரையைப் பார்த்ததும் அவர் விரல் தானாக இறுகியது. வெடித்தது. எங்கள் இருவர் காலடியிலும் மண் தெறித்தது. மறுநிமிடம் துப்பாக்கி என் கையில் இருந்தது. குணசேகரன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் வேணும்னு பண்ணல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்சம் தெம்பு வந்ததும், "அந்த ஆளு என்னைச் சுடத்தான் வந்திருக்கான். அவனுக்குக் குடுத்தீங்கன்னா சும்மா விட மாட்டேன்" என்று கத்தினார்.

"அவரைப் பத்தி அப்புறம் பேசலாம். உங்களுக்கு என் கையெழுத்து கிடையாது. வீட்டுக்குப் போங்க" என்றார் தனபால் சார்.

குணசேகரன் கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். ஏழுமலை குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தனபால் சார் அவருடைய சான்றை எடுத்துவரச் சொன்னார். "இதுக்கு மேல யார்கிட்ட இன்னா பார்க்கணும்? இதைவிடப் பயிற்சி இருக்கறவன் யாரு?" என்று பேனாவைத் திறந்தார்.

"வேணாம் சார்" என்றார் ஏழுமலை, ஈர முகத்தோடு வாசலில் நின்றபடி.

தனபால் சார் நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள வரும்போதே அவனைப் பாத்துட்டேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. அவனும் வாங்க வந்திருக்கான்னு தெரிஞ்சதும் எனக்கு சந்தோஷமா இருந்துது சார். இனிமே யாரும் என்னைக் கேக்க முடியாது, சமம்னு நெனச்சேன்." அவர் ஈர முகத்தைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டார். "அவன் திரும்பி நின்னப்ப எனக்கு பயமே வரல. வலது கண்ணுக்கு மேலனு இடம் பார்த்துட்டேன். அவன்தான் முதல்ல நீட்டினான், ரெண்டு சாட்சி இருக்குதுனு கணக்குக்கூட போட்டுட்டேன்."

"உங்க விரல் விசைக்குப் போகல. நான் பக்கத்துல நின்னு அதைத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"போகல. ஆனா போகணும்னு எவ்ளோ ஆசைப்பட்டுச்சுனு எனக்குத்தான் தெரியும். பட்டாளத்துல நமக்கு மேல ஒருத்தர் இருந்தாரு சார், சுடுன்னு சொல்ல, நிறுத்துன்னு சொல்ல. இன்னைக்கு நீங்க இருந்தீங்க. ஊர்ல யாரு இருக்கா?"

தனபால் சார் பேனாவை மூடவில்லை. "நான் கையெழுத்து போடத் தயார். முடிவு உங்களுது" என்றார். ஏழுமலை டிஸ்சார்ஜ் புக்கைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, எங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அது சரியான முடிவுதானா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு அவர் திரும்பிப் போனது, மனைவியை மிரட்டிய ஆட்கள் இருக்கிற ஊருக்கு. குணசேகரன் வேறு எங்காவது போய்ச் சான்று வாங்கிவிட மாட்டாரா? ஏதாவது நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது? தனபால் சார் தாலுகா போலீஸில் தனக்குத் தெரிந்தவர்களிடம் சுடுதளத்தில் நடந்ததை அப்படியே சொன்னார். அதன் பிறகு ஒரு காவலர் அவ்வப்போது அந்தப் பக்கம் போய்வந்தார். நானும் சில சாயங்காலங்களில் வேலை முடிந்து சுற்றிக்கொண்டு அடி அண்ணாமலை வழியாக வீட்டுக்குப் போவேன். சரோஜா மாடு கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் சரோஜா தனபால் சாருக்குப் போன் செய்தார். "சார், பொக்லைன் கொண்டாந்துட்டாங்க. கிணத்தை மூடப் போறாங்களாம். இவரு முன்னால போய் நின்னுட்டாரு" என்று அழுதார். போலீஸுக்கும் சொல்லியிருந்தார். நானும் சாரும் ஸ்கூட்டரில் பறந்தோம்.

நாங்கள் போனபோது பொக்லைன் தன் கையைத் தூக்கிய வாக்கில் நின்றிருந்தது. அதன் இரும்புப் பற்களுக்குக் கீழே, கிணற்று மேட்டுக்கு முன்னால் ஏழுமலை நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் கழிகூட இல்லை. சரோஜா பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாதையோரக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். தள்ளி நின்ற காருக்குப் பக்கத்திலிருந்து குணசேகரன், "ஓட்டுடா! அவனே நகருவான்!" என்று கத்தினார். பொக்லைன் உறுமியது, ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. ஏழுமலை நகரவில்லை. தனபால் சார் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். நானும் போய் நின்றேன்.

போலீஸ் ஜீப் வந்தது. பின்னாலேயே நில அளவையரை வரவழைத்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை சங்கிலி பிடித்து அளந்தார்கள். வடக்கு மூலையில் ஒரு துண்டு குணசேகரன் பக்கம் போனது. கிணறு ஏழுமலையின் எல்லைக்குள்தான் என்று கல் நட்டார்கள். குணசேகரன் கல் நடுவதைக்கூடப் பார்க்காமல் கிளம்பிப் போனார். பிறகு அவர் அந்த நிலத்தையே விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் கிணற்று மேட்டில் உட்கார்ந்தோம். மனசில் கிடந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"காலையில அது உங்க கையில இருந்திருந்தா, அண்ணே?"

ஏழுமலை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் கார் பக்கம் நின்னான் முனுசாமி. நூறு ஆளு நடுவுல. எனக்கு நேரா இருந்தது யாரு? பொக்லைன் ஓட்டறவன். அது முன்னால வந்துது பாருங்க, அப்ப எனக்கு எதிர்ல தெரிஞ்சது அந்த ஓட்டறவன் மூஞ்சி மட்டும்தான். முதல் குண்டு அவனுக்குத்தான் போயிருக்கும்."

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் போய்விட்டார்கள், கூட்டி வந்தவர்கள் அந்த ஆளை மறந்துவிட்டார்கள். அவன் இன்னும் மேலேயே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். நடுத்தர வயசுக்காரன். இறங்கினால் ஊர்க்காரர்கள் அடிப்பார்கள் என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

ஏழுமலை எழுந்து வண்டி அருகே போனார்.

"எறங்கி வாப்பா," என்றார். "வெயில்ல எவ்ளோ நேரம் அதுக்குள்ளயே இருப்ப? சரோஜா சோறு போடறா. சாப்ட்டுட்டு போ."